பல்லில் கல் வைப்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

மூக்கு குத்தியது பிடிக்கவில்லை என்றால் மூக்குத்தியைக் கழற்றிவிடலாம். நாளாவட்டத்தில் பெரும்பாலும் துளை தூர்ந்துவிடும். பல்லுக்கு அந்த வசதி கிடையாது. பல்லின் வெளி உறையான எனாமல் போனால் போனதுதான், திரும்ப வளராது. அழகுக்கு ஒட்டும் இரண்டு மில்லிமீட்டர் கல்தானே என்று, மருதாணி வைக்கப் போன பார்லரிலேயே பல்லையும் காட்டிவிட்டு வருகிறவர்கள் மறப்பது இதைத்தான். கல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் உள்ள பசையும், சுற்றிலும் தங்கும் அழுக்குமே பல்லைக் கெடுப்பவை.

முறையாகச் செய்தால் இது அரை மணி நேர வேலைகூட இல்லை. முதலில் பல்லை ப்யூமிஸ் என்ற எரிமலைக் கல் பொடியால் துலக்குவார்கள். அந்த நேரத்தில் எண்ணெயோ ஃபுளோரைடோ கலந்த பேஸ்ட் கூடாது, ஒட்டு சரியாகப் பிடிக்காது. உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் வளையம் மாட்டி, பஞ்சு உருளை வைத்து எச்சிலைத் தடுத்துவிட்டு, கல் உட்காரும் இடத்தில் மட்டும் 37 சதவீத பாஸ்போரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைப்பார்கள். பிறகு நன்றாகக் கழுவி, காற்றடித்து உலர்த்த வேண்டும். அந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துத் தெரிந்தால்தான் அடுத்த படி. அதற்குள் எச்சில் பட்டுவிட்டால் துடைத்துவிட்டுத் தொடரக்கூடாது. கழுவி, உலர்த்தி, மறுபடி அமிலம் வைத்தாக வேண்டும். கல் சீக்கிரமே விழுவதற்கு இந்த ஒரு சொட்டு எச்சில் போதும்.

அதன்மேல் பிடிப்பு தரும் பாண்டிங் திரவம், பிறகு ஒளி பட்டால் இறுகும் பல் பசையான காம்போசிட் இளகிய நிலையில் ஒரு சொட்டு, அதில் கல். பசை கல்லின் ஓரத்தில் மெல்லிய வரப்புபோல ஏறி நிற்க வேண்டும். பசையை இறுக்கும் நீல விளக்கை அடிப்பதற்கு முன் கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். அதுவரை கல்லை நகர்த்தலாம், அடித்துவிட்டால் முடியாது. பல கற்களின் அடியில் வெள்ளித்தாள்போல ஒரு பூச்சு இருக்கும். அது ஒளியை உள்ளே விடாது. ஆகவே முன்பக்கம் மட்டும் விளக்கைக் காட்டினால் அடியில் பசை வேகாமல் நின்றுவிடும். பக்கங்களிலிருந்தும் பல்லின் உட்புறத்திலிருந்தும் தலா 20 விநாடியாவது காட்ட வேண்டும். எனாமல் ஒளியைக் கடத்தும் என்பதால் உட்புற வெளிச்சம் பசையை எட்டிவிடும்.

வீட்டில் ஒட்டுவது

ஆன்லைனில் வரும் கிட்டுகளில் கல்லும் பசையும் ஒரு சின்ன விளக்கும் இருக்கும். நகத்துக்கு ஜெல் பாலிஷ் போடும் விளக்கையே பல்லுக்கும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நக விளக்கின் ஒளி ஏறக்குறைய 365 முதல் 405 நானோமீட்டர். பல் பசையில் வழக்கமாக இருக்கும், ஒளி பட்டதும் அதை இறுக வைக்கும் கேம்ஃபர்குவினோன் நன்றாக வேலை செய்வது 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியில். தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றிய கதைதான்: மேலே இறுகியதுபோல இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். வேகாத அந்தப் பசையிலிருந்து கசியும் ரசாயனம் ஈறுக்கும் உதட்டுக்கும் ஒவ்வாமை தரலாம். அதைவிட மோசம் சூப்பர் குளூவும் செயற்கை நகம் ஒட்டும் பசையும். ஈரத்தில் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பு விட, கல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மயிரிழை இடுக்கு உண்டாகும். பிரஷ் போகாத அந்த இடுக்கில் கிருமி புகுந்துகொள்ளும். கல் விழும் நாளில்தான் அடியில் வெள்ளைத் திட்டு தெரியும். சொத்தையின் முதல் படி அது.

அமில ஜெல்லையும் கண்ணாடி பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். ஈறில் பட்டால் வெந்து வெளுக்கும். "இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் நன்றாக ஒட்டும்" என்று நிமிடக்கணக்கில் விடுவதும் வீண். பிடிப்பு அதிகமாகாது, எனாமல்தான் கூடுதலாகக் கரையும்.

பார்லரில் செய்வதாக இருந்தால் பல் மருத்துவராகப் பதிவு எண் உள்ளவர்தான் செய்கிறாரா என்று கேளுங்கள். கிடுக்கி, வளையம் எல்லாம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவி) போய் வந்து உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தோம் என்பது பதில் ஆகாது.

தெற்காவணி மூல வீதியில் வாங்கிய தங்கம்

நகைக்கடைகள் நிறைந்த வீதி அது. மதுரைக்காரர்களுக்குக் கல்லைவிடத் தங்கத்தில் நம்பிக்கை அதிகம். பழைய மூக்குத்தியின் திருகை நறுக்கிவிட்டு, "இதையே பல்லில் ஒட்டிக் கொடுங்கள்" என்று கேட்பதும் சகஜம். அதில் பல சிக்கல். மூக்குத்தியின் அடி பளபளவென்று மெருகேறியிருக்கும். வழவழப்பான தங்கத்தில் காம்போசிட் பிடிக்காது. 50 மைக்ரான் அலுமினிய ஆக்சைடு துகளால் அடியைச் சொரசொரப்பாக்கி, உலோகத்துக்கான பிரைமர் பூசிய பிறகே ஒட்ட வேண்டும். நறுக்கிய இடத்தில் முள் மிச்சம் இருந்தால் உதடு கிழியும். கொக்கி வைத்துக் கல் கட்டிய நகை வேண்டாம், கொக்கிக்கு அடியில் சோறு தங்கும். கனம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது.

அடுத்தது பற்று, அதாவது நகையின் துண்டுகளை உருக்கி இணைக்கும் உலோகம். பழைய கேடிஎம் நகைகளில் பற்றவைக்க காட்மியம் கலந்த பொடி பயன்பட்டது. காட்மியம் நஞ்சு, நாள் முழுக்க எச்சிலில் ஊறும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. 916 முத்திரை பார்த்து வாங்கலாமே என்றால், இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. பல்லில் வைக்கும் தங்கமோ அதைவிட மிகக் குறைவு. ஆகவே முத்திரையை நம்பி இருக்க முடியாது. பற்றே இல்லாமல் ஒரே தகட்டில் வெட்டிய இலை, நட்சத்திரம், பிறை போன்ற வடிவத்தைக் கேளுங்கள். வெள்ளைத் தங்கம் என்றால் நிக்கல் கலந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு நிக்கல் ஆகாமல் இருக்கலாம். கவரிங்கையே பல்லில் வைப்பது பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பல்லில் குழி போட்டுத் தங்கத்தைப் பதிப்பதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல பல்லைக் குடைந்து அழகு பார்க்க வேண்டிய அவசியம் இன்று இல்லை.

எந்தப் பல்

மேல்வரிசையில் முன்பற்களுக்குப் பக்கத்துப் பல்லும் கோரைப்பல்லும்தான் எடுப்பாக இருக்கும். கோரைப்பல் வளைந்தது, தட்டையான அடியுள்ள கல் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். தெத்துப்பல்லில் கல் நன்றாக வெளிச்சம் வாங்கும், ஆனால் உதடும் அங்கேதான் உரசும். ஈறிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். கீழ்ப்பல்லில் வைத்தால் கடிக்கும்போது மேல்பல்லின் உட்புறத்தை அது அரம்போல அராவும்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று: மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்ற அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்புத் திட்டோ பழுப்புக் கறையோ இருக்கலாம். அந்த எனாமலை அமிலம் எளிதில் அரிக்காது, ஒட்டும் பலமாக நிற்காது. கறையை மறைக்கத்தான் கல் கேட்கிறீர்கள் என்றால், முதலில் கறைக்கு வைத்தியம் கேளுங்கள்.

சொத்தைப் பல், ஈறில் ரத்தம் வரும் வாய், பால்பல் இவற்றில் வேண்டாம். செராமிக் உறை போட்ட பல்லுக்கு முறையே வேறு. சாதாரண அமிலம் அங்கே வேலை செய்யாது.

பல்லை வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கல் வையுங்கள். வெளுப்பாக்கும் மருந்தின் ஆக்சிஜன் எனாமலில் தங்கியிருக்கும்வரை பசை சரியாக இறுகாது. வரிசையை மாற்றிச் செய்தாலோ, கல்லை எடுக்கும் நாளில் அந்த இடம் மட்டும் வட்டமாகப் பழைய நிறத்தில் நிற்கலாம்.

வைத்த பிறகு

முதல் நாள் கொதிக்கும் காபியும் மஞ்சள் தூக்கலான குழம்பும் வேண்டாம். கல்லைச் சுற்றியுள்ள காம்போசிட் மஞ்சளை நன்றாகவே இழுக்கும். சோழவந்தான் வெற்றிலையும் பாக்கும் தினமும் போடுகிறவருக்குக் கல்லைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் நிச்சயம். கமர்கட்டு, கடலைமிட்டாய் கல்லைப் பிடுங்கும். பொங்கல் கரும்பைப் பல்லால் உரிப்பது, தையல் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது இரண்டையும் விட்டாக வேண்டும். மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்துப் பிடித்து, கல்லின் மேல்புறமும் கீழ்ப்புறமும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மாவது இருக்கட்டும். கரியும் பல்பொடியும் கல்லின் பளபளப்பைத் தேய்த்துவிடும்.

கல் ஆடினால் அன்றே போய்க் காட்டுங்கள். நகத்தாலோ ஊக்காலோ நெம்பாதீர்கள். மருத்துவர் கல்லின் அடியைக் கிடுக்கியால் அழுத்தி எடுத்து, மிச்சப் பசையை மெதுவாகச் சுழலும் டங்ஸ்டன் கார்பைடு முனையால் நீக்கி, மெருகு போட்டுவிடுவார். தானாக விழுந்து விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். விழுந்த பிறகு இருமல் நிற்கவில்லை, மூச்சு இழுக்கிறது என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.