ஹோவர் சோதனை: பலகையில் பெட்டி வரைவதற்கு முன்

ஹெலிகாப்டர் கைக்கு எப்படி இருக்கிறது என்று பைலட்டிடம் பொதுவாகக் கேட்டால், "பரவாயில்லை" என்பார். அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. ஹெலிகாப்டர் கைக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதற்கான அமெரிக்க ராணுவத்தின் ஏடிஎஸ்-33 தரநிலை எனக்குப் பிடிப்பது இதனால்தான்: செய்ய வேண்டியதை அடிக்கணக்கில் சொல்லிவிடுகிறது. முதலில் ஹோவரில், அதாவது காற்றில் ஒரே இடத்தில் நிற்பதில், தொடங்குங்கள்.

படி 1: பறக்கும் முறை

20 அடிக்குக் குறைவான உயரத்தில், 6 முதல் 10 நாட் வேகத்தில், மூக்கு நோக்கும் திசைக்கு 45 டிகிரி கோணத்தில் நகர்ந்து வந்து நின்று, 30 விநாடி அசையாமல் இருக்க வேண்டும். இடம் 3 அடி, உயரம் 2 அடி, திசை 5 டிகிரிக்கு மேல் விலகாவிட்டால் 'விரும்பத்தக்க' அளவு. அதன் இரு மடங்கு வரை 'போதுமான' அளவு.

படி 2: கம்பமும் பலகையும்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. பைலட்டுக்கு எதிரே ஒரு கம்பம், உச்சியில் பந்து; அதற்குப் பின்னால் பெட்டி வரைந்த பலகை. பந்து பெட்டிக்குள் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறோம் என்று பொருள். பைலட்டின் கண்ணிலிருந்து கம்பம் 100 அடி, கம்பத்திலிருந்து பலகை 50 அடி. 3 அடி விலகல்தானே என்று, மையத்திலிருந்து 3 அடிக்கே கோடு போட்டேன். பந்து வெளியே போகவே இல்லை. ஆனால் ஜிபிஎஸ் பதிவில் 5 அடி விலகல்!

பள்ளியில் படித்த ஒத்த முக்கோணம்தான். கண் 3 அடி நகர்ந்தால், பலகையில் பந்து நகர்வது 3 × 50 ÷ 100, அதாவது 1.5 அடி. நான் வரைந்த பெட்டி 6 அடி விலகல் வரை அனுமதித்துவிட்டது. உயரத்துக்கும் இதே கணக்கு: 2 அடிக்கு 1 அடி. முன்பின் விலகலை இந்தப் பலகை காட்டாது. அதற்குப் பக்கவாட்டில் கூம்புகள் வையுங்கள்.

படி 3: மதிப்பெண்

பறந்த பைலட்டே மதிப்பெண் தருவதற்காக 1969-இல் வெளிவந்த கூப்பர்–ஹார்ப்பர் அளவுகோலில் 1 மிக நல்லது, 10 மிக மோசம். எண்ணை முதலில் கேட்காதீர்கள். கட்டுப்படுத்த முடிந்ததா, தாங்கக்கூடிய உழைப்பில் போதுமான அளவு கிடைத்ததா, திருத்தாமலே திருப்தியா என்று வரிசையாகக் கேளுங்கள். விரும்பத்தக்க அளவு கிடைத்தும் ஓரளவு மெனக்கெட வேண்டியிருந்தால் அது 4. கேள்விகளைக் காகிதத்தில் அச்சிட்டுத் தொடையில் கட்டிக்கொள்வதே நல்லது. வெயிலில் டேப்லெட் திரை கண்ணுக்குத் தெரியாது. குறைந்தது மூன்று பைலட்டுகளாவது பறக்கட்டும்.

பின்சேர்க்கை: பெட்டியைச் சரியாக வரைந்தும் ஜிபிஎஸ் கூடுதல் விலகல் காட்டுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பைலட்டுக்கு 20 அடி பின்னால் வாலில் இருந்தால், மூக்கு 5 டிகிரி திரும்பினாலே அது 1.7 அடி நகரும். பதிவைப் பைலட்டின் கண் இருக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் விலகலைக் கணக்கிடுங்கள்.