குழுவில் போட்டால் தகவல் சேர்ந்துவிடாது: புதிய தலைமையாசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

பதவி உயர்வில் உயர்நிலைப் பள்ளிப் பொறுப்புக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். எங்கள் காலத்துத் தவறுகளே திரும்பவும் நடக்கின்றன. ஆசிரியர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் போட்டாச்சு என்று விட்டுவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நாமினல் ரோலில், அதாவது தேர்வெழுதும் மாணவர்களின் பெயர்ப் பட்டியலில், பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பெற்றோர் பார்த்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பட்டியலைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சரி, தவறில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மாணவியின் வீட்டில் இருந்த ஒரே செல்ஃபோன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவிடம். ஊரிலிருந்த அம்மா பட்டியலைப் பார்க்கவே இல்லை. இனிஷியல் தப்பாகவே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகி வந்தது. ஆதாரில் ஒன்று, சாதிச் சான்றிதழில் ஒன்று, இதில் வேறொன்று. அப்புறம் திருத்த விண்ணப்பம், இணைப்புச் சான்றுகள், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் பதிலுக்குக் காத்திருப்பு. அந்த அம்மா கூலியை விட்டுவிட்டு அலைந்தார். தப்பு பள்ளியுடையது, அலைச்சல் அவருடையது.

பட்டியலை அச்செடுங்கள். பெற்றோரை வரவழைத்து, பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு, வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, பெயருக்கு எதிரே கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். வர முடியாதவர் வீட்டுக்கு வகுப்பாசிரியர் போகட்டும். மௌனம் சம்மதம் என்பது பள்ளிக்கூடத்தில் செல்லாது.

சுற்றறிக்கையில் கையெழுத்தோடு நிறுத்துவது

ஆசிரியர்களில் பாதிப்பேர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். முக்கியமானதை ஐந்து நிமிடம் கூட்டிச் சொல்லுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவை நோட்டில் மட்டும் நடத்துவது

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகும் தாய்மார்கள் எப்படி வருவார்கள்? பிறகு வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவது அவர்களை அவமதிப்பது. நேரத்தை அவர்களிடமே கேளுங்கள். தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகே பதிவேட்டை நீட்டுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதை முதலில் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த அம்மாக்கள்தான்.

தொடர்ந்து வராத பிள்ளை

மூன்றாம் நாளே வீட்டுக்குப் பேசுங்கள்.

1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) இரண்டையும் சுவரில் எழுதினால் போதும் என்பது

போதாது. அழைப்பதற்கு முன் பள்ளியிலேயே எந்த ஆசிரியரிடம் பயமின்றிப் பேசலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறையாவது.