தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்குக் குடிவரும் புதுமணத் தம்பதியருக்கு

திருமணம் முடிந்த கையோடு நெல்லையிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ சென்னைக்குக் குடிவருபவர்கள் பெரும்பாலும் வீடு தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னால், சொந்த ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அழைப்பிதழும் கோயில் அல்லது மண்டப ரசீதும் சாட்சிகளும் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது. சென்னைக்கு வந்தபின் இதற்காக விடுப்பு எடுப்பது எளிதல்ல. அதே கையோடு இருவருடைய பெயர்களையும் அவரவர் பெற்றோரின் குடும்ப அட்டையிலிருந்து நீக்க விண்ணப்பித்துவிடலாம். அந்த நீக்கம் முடியாமல் புதிய அட்டை கிடைக்காது.

வீடு எந்தப் பகுதியில் என்பதை இருவரின் பணியிடங்களையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு மட்டுமே வேலை உறுதியாகியிருந்தால், அவருடைய அலுவலகத்துக்கு அருகிலேயே வீடு பார்த்துவிடும் பழக்கம் இருக்கிறது. மற்றவருக்கு ஆறு மாதம் கழித்து நகரின் மறுகோடியில் வேலை கிடைக்கும்போது அது இடிக்கும். ஆகவே கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான புறநகர் ரயில் தடத்தையோ மெட்ரோ நிலையத்தையோ நடந்து அடையக்கூடிய இடமே இருவருக்கும் பொதுவானது என்பது என் கருத்து. வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியிலிருந்து தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன என்பதால், அடிக்கடி ஊருக்குப் போய்வருபவர்களுக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் கூடுதலாக வசதிப்படும்.

சென்னையில் வீடு பார்ப்பது என்பது முக்கால்வாசி தண்ணீரைப் பார்ப்பதுதான். 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய் இணைப்பு உண்டா, அல்லது ஆழ்துளைக் கிணறு மட்டுமா. கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் அந்தச் செலவு வாடகைக்குள் அடங்குமா, தனியா. மோட்டார் எந்த நேரத்தில் ஓடும் என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை நாவில் வைத்துப் பார்ப்பதும், குளியலறைக் குழாய்களில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று கவனிப்பதும் போதுமான சோதனை. வெள்ளத்தைப் பற்றி வீட்டு உரிமையாளரைவிடத் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் நேர்மையான பதிலைச் சொல்வார். எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எவ்வளவு உயரம் ஏறியது என்று அவரிடம் கேளுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் அம்மாதங்களில் வீடு பார்க்கும் கூட்டம் குறையும், பேரம் பேச இடம் கிடைக்கும். நம்பிக்கை உள்ளவர்கள் ஆடியில் பேசி முடித்து முன்பணம் கொடுத்துவிட்டு, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சலாம்.

முன்பணம் பத்து மாத வாடகை என்பது இந்நகரின் நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போக அதைத் திருப்பித் தரவும் சொல்கிறது. உரிமையாளர்கள் பலர் இன்னும் ஐந்து, ஆறு மாதம் கேட்கிறார்கள் என்றாலும், சட்டம் தெரிந்தவர் பேசும்போது தொகை இறங்குவதுண்டு. பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்று தரகர் சொன்னால் ஏற்க வேண்டாம். எவ்வளவு குறுகிய கால ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையவழியே பதிவாக வேண்டும் என்பதே இன்றைய நிலை. வெள்ளையடிக்கும் செலவாக எவ்வளவு பிடிப்பார்கள், விருந்தினர் தங்கலாமா, மின்கட்டணம் மின்வாரிய மீட்டர்படியா அல்லது உரிமையாளர் வைத்த துணை மீட்டர்படியா என்பவை ஒப்பந்தத்தில் இடம்பெறட்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற இலவச மின்சாரம் தனி இணைப்பு இருந்தால்தான் உங்கள் கணக்கில் வரும்; யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்கும் துணை மீட்டரில் அது பெரும்பாலும் உரிமையாளருக்கே போய்விடுகிறது.

ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். இது வெறும் சடங்கல்ல. நகரத்தில் பிறகு நடக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் முகவரிச் சான்று கேட்பார்கள். ஒப்பந்தத்தில் பெயரில்லாதவர் வங்கிக் கணக்கு முதல் நூலக உறுப்பினர் அட்டை வரை இன்னொருவரின் துணையோடுதான் போக வேண்டியிருக்கும். ஒருவர் ஆதாரில் முகவரியை மாற்றியபின் மற்றவர் குடும்பத் தலைவர் அடிப்படையில் மாற்றிக்கொள்ளும் வசதி 2023 முதல் இருக்கிறது என்றாலும், அதிலும் தலைவராக இருப்பவரின் ஒப்புதல் வேண்டும். ஆதாருக்குப் பிறகு எரிவாயு இணைப்பு, அதன்பின் புதிய குடும்ப அட்டை என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும், ஏனெனில் குடும்ப அட்டைக்குத் தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க அலுவலர் வரக்கூடும். இணைப்பு வரும்வரை, அடையாளச் சான்று மட்டும் காட்டி வாங்கக்கூடிய ஐந்து கிலோ சிலிண்டர் கைகொடுக்கும். வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றப் படிவம் 8 போதும்.

சீர்வரிசைச் சாமான்களைப் பற்றி ஒரு சொல். கட்டிலும் பீரோவும் மெத்தையும் கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வருகிறார்கள். ஒற்றைப் படுக்கையறை வீட்டின் மாடிப்படித் திருப்பத்தில் பீரோ நின்றுவிடுகிறது. முதலில் பாத்திரங்கள், மிக்ஸி, அடுப்பு, படுக்கை ஆகியவற்றுடன் வாருங்கள். வாசலையும் படிக்கட்டையும் அளந்தபின், ஓர் ஆண்டு அதே வீட்டில் இருக்கப் போகிறோம் என்று உறுதியானால் மற்றவற்றை வரவழைக்கலாம்.

இருவரில் ஒருவர் வேலைக்குப் போய், மற்றவர் வீட்டில் இருக்கும் முதல் சில மாதங்களே கடினமானவை. வேலைக்குப் போகிறவருக்கு நகரம் அலுவலகத்தின் வழியே தானாக அறிமுகமாகிவிடும், வீட்டில் இருப்பவருக்கு அப்படியல்ல. ஆகவே ஞாயிறுதோறும் ஊர்சுற்றுவதைவிட, வீட்டில் இருப்பவர் தனியாகப் போய்வரும்படி வழிகளைப் பழக்கிக்கொள்வது பயன்தரும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வீட்டின் நான்கு சுவர்களைவிட அது நல்ல இடம். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் தேக்கம் பற்றிய புகார்களுக்கான மாநகராட்சி எண் 1913 இருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும். மோட்டார் போடுபவர், சிலிண்டர் கொண்டுவருபவர், மேல்வீட்டுக்காரர் ஆகியோரின் எண்களும் அப்படியே.

ஊருக்குப் போகும் பயணத்தையும் இப்போதே திட்டமிட வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கும், பண்டிகை நாட்களுக்கு நெல்லை, பாண்டியன் போன்ற ரயில்களில் சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். தலை தீபாவளிக்குப் பெண் வீட்டுக்கு என்பதால் அதில் பேச்சுக்கு இடமில்லை. பொங்கலுக்கு எந்த ஊர் என்பதை மட்டும் நவம்பர் நடுவில் முன்பதிவு திறப்பதற்குள் இருவரும் பேசி முடித்து, இரு வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.