1903 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது

பெ. தூரன் ‘கானகத்தின் குரல்’ என்று தமிழில் தந்த, அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் நாய்க் கதையை (The Call of the Wild), நியூயார்க்கின் மேக்மில்லன் நிறுவனம் 1903 ஜூலையில் புத்தகமாக வெளியிட்டது. முதலில் அச்சான 10,000 பிரதிகளும் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்ததாகச் சொல்வார்கள். அதனால் பழைய புத்தகம் சேகரிப்பவர்கள் தேடும் அந்த முதல் அச்சு கண்ணிலேயே படாத அபூர்வம் இல்லை. ஆனால் அதைப் போலவே தோற்றம் காட்டும் பிரதிகள் சந்தையில் ஏராளம்.

பலரும் சறுக்குவது வருடத்தில்தான். ‘1903’ என்பது காப்புரிமை பெற்ற ஆண்டு. பின்னால் வந்த மறு அச்சுகளிலும் அந்த வரி அப்படியே நிற்கும். காப்புரிமைப் பக்கம் முழுவதையும் படியுங்கள். 1903 ஜூலைக்குப் பிறகு மறுபடி அச்சான மாதங்கள் அங்கே இருந்தால், அது முதல் அச்சு இல்லை. அப்புறம் தலைப்புப் பக்கத்தில் பதிப்பாளர் பெயர். கிராஸெட் அண்ட் டன்லப் என்றிருந்தால் அது மலிவுப் பதிப்பு, படிக்க நல்லது, முதல் பதிப்பின் விலை கொடுக்கத் தேவையில்லை. லண்டன் நகரில் ஹைன்மேன் நிறுவனம் வெளியிட்டதும் 1903தான். அது முதல் பிரிட்டிஷ் பதிப்பு, அதற்குத் தனி மதிப்பு, தனி விலை.

அட்டையைப் படத்தில் பார்த்து முடிவு செய்வது அடுத்த தவறு. முதல் அச்சின் பச்சைத் துணி அட்டையில் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள் ஓடும். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இது தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் கேளுங்கள். அட்டைச் சித்திரத்தின் வெள்ளை நிறம் சுலபமாகத் தேய்ந்து உதிரக்கூடியது. நூறு வருடத்துக்கு மேலான புத்தகத்தில் அது பளிச்சென்று இருந்தால், பிற்காலத்தில் யாராவது வண்ணம் தீட்டினார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

பெரிய பணம் போவது மேலுறையில். அந்தக் காலத்தில் காகித மேலுறையைக் கிழித்துப் போடுவதே வழக்கம், அதனால் மேலுறையோடு கிடைக்கும் பிரதியின் விலை எங்கோ போய்விடும். அந்த இடைவெளியில்தான் நகல் மேலுறைகள் நுழைகின்றன. நேர்மையான வியாபாரி நகலை நகல் என்றே எழுதுவார். விவரத்தில் ‘மேலுறையுடன்’ என்று மட்டும் இருந்தால், அசலா என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வேறொரு பிரதியின் அசல் மேலுறையைக் கொண்டுவந்து மாட்டுவதும் உண்டு. அதையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.

பிலிப் குட்வின், சார்ல்ஸ் லிவிங்ஸ்டன் புல் இருவரும் இந்தப் புத்தகத்துக்கு வரைந்த படங்களைச் சிலர் சட்டம் போட்டு மாட்ட வெட்டி எடுத்திருப்பார்கள். முன்னாலுள்ள படப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

ஆசிரியரே கையெழுத்திட்ட பிரதி என்றால் இன்னும் நிதானம். ஜாக் லண்டன் கையெழுத்திட்ட பழைய காசோலைகள் விற்பனைக்கு வருகின்றன. அதில் ஒன்றைப் புத்தகத்துக்குள் ஒட்டினால் அது ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி ஆகிவிடாது. அவர் இறந்தது 1916 நவம்பரில். அதற்குப் பிறகு அச்சான பிரதியிலும் அவர் கையெழுத்தைக் காட்டி விற்க வருபவரிடம் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புத்தகத்துக்கும் முன்னால், 1903 ஜூன் 20 முதல் ஜூலை 18 வரை ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஐந்து வாரம் இந்தக் கதை தொடராக வந்தது. பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வாங்குவதானால் ஐந்து இதழ்களும் இருக்கின்றனவா, கதைப் பக்கங்கள் கத்தரிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.