ஹைட்ரோமெடுசாவை அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் மிதக்கும் சிற்றுயிரிகளைப் பிடிக்கும் பிளாங்டன் வலையைக் கழுவி ஊற்றினால், தட்டில் கண்ணாடிக் குண்டுமணி போல ஏதோ துடிக்கும். "சொறி மீன் குஞ்சு" என்று எழுதி மூடிவிடுவார்கள். அங்கேயே தவறு தொடங்குகிறது. ஹைட்ரோமெடுசா எனப்படும், மணி வடிவில் நீந்தும் ஹைட்ரோசோவா மெடுசாக்களில் பெரும்பாலானவை வளர்ந்து முடிந்தாலும் ஓரிரு சென்டிமீட்டரைத் தாண்டாது.

தட்டுக்குப் பக்கவாட்டில் விளக்கை வைத்து மணியின் விளிம்பைப் பாருங்கள். உள்பக்கமாக ஒரு மெல்லிய திரை நீண்டு, நடுவே துளை விட்டிருக்கும். இதுதான் வீலம். மணி சுருங்கும்போது தண்ணீர் அந்தத் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு போவதால்தான் உயிரி வெடுக்கென்று தாவுகிறது. பெரிய சொறி மீனின் குஞ்சான எஃபைராவுக்கு இந்தத் திரை கிடையாது. விளிம்பும் மடல் மடலாகப் பிரிந்திருக்கும். ஒபீலியா மட்டும் விலக்கு. அது ஹைட்ரோமெடுசாதான், ஆனால் வீலம் இருக்கிறதா என்றே தெரியாது.

அடுத்தது, உருவத்தை மட்டும் நம்புவது. உயரமான மணி என்றால் ஆந்தோமெடுசா, தட்டையான தட்டு என்றால் லெப்டோமெடுசா என்று இரண்டு வரிசைகளாகப் பிரிப்பார்கள். தொடக்கத்துக்குச் சரி. ஆனால் ஃபார்மலினில் போட்டதும் மணி சுருங்கிக் கோணலாகிவிடும், அப்புறம் உருவம் எதற்கும் உதவாது. இனப்பெருக்க உறுப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடுவதே நம்பகமான வழி. சார்சியாவில் அது நடுவில் தொங்கும் வாய்த்தண்டைச் சுற்றியிருக்கும், ஆகவே ஆந்தோமெடுசா. கிளைட்டியாவில் மணியின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் நான்கு ஆரக்கால்வாய்களின் மேலும் சின்னச் சின்ன மூட்டைகளாகத் தெரியும், அது லெப்டோமெடுசா. வாய்த்தண்டை மறைக்காமல் படம் எடுத்து வையுங்கள், பிறகு கைகொடுக்கும்.

விளிம்பில் தொங்கும் இழைகளை எண்ணி இனத்தை முடிவுசெய்யாதீர்கள். ஒட்டி வாழும் பருவமான பாலிப்பிலிருந்து பிரிந்து வரும் கிளைட்டியாவுக்கு நான்கே இழைகள். வளர வளரப் பதினாறுக்கும் மேல் போகும். ஒரே இனத்தின் குட்டியையும் பெரியதையும் இரண்டு இனமாக எழுதிவிடுவது இப்படித்தான்.

பெயர்க் குழப்பமும் உண்டு. பாலிப்பையும் மெடுசாவையும் வேறு வேறு உயிரிகளாக எண்ணி முந்தைய ஆய்வாளர்கள் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். அதனால் பழைய நூலில் ஆந்தோமெடுசே, புதியதில் ஆந்தோஅதெகாட்டா. இரண்டும் ஒரே வரிசைதான்.

சென்னைக் கடற்கரையில் சில நேரம் ஒதுங்கும் நீல நிறப் பொத்தான் போன்ற போர்பிட்டாவும் இந்த வரிசையைச் சேர்ந்ததுதான். மிதக்கிறது, நீலமாக இருக்கிறது என்பதற்காக, கடுமையாகக் கொட்டும் ஃபைசேலியாவோடு சேர்த்து அதை சைஃபனோஃபோர் என்னும் வேறு வரிசையில் எழுதக்கூடாது.