பதில் வராமல் நின்ற எக்ஸ்டென்ஷன்
மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மாமா, மொத்த வியாபாரியின் தளத்தில் மருந்துப் பெயருக்குப் பக்கத்திலேயே தன் கடை இருப்பும் தெரிய வேண்டும் என்றார். க்ரோம் உலாவியில் சேர்க்கும் சிறு நிரலான எக்ஸ்டென்ஷன் ஒன்று எழுதினேன். அதில் தளத்தின் பக்கத்துக்குள் ஓடும் கன்டென்ட் ஸ்கிரிப்ட் மருந்துப் பெயரை அனுப்பும். பின்னணியில் உள்ள சர்வீஸ் வொர்க்கர் கடை சர்வரைக் கேட்டுப் பதில் தரும். கன்டென்ட் ஸ்கிரிப்டே நேராகக் கேட்கலாமே என்றால், ஒரு தளத்தின் பக்கத்திலிருந்து வேறு சர்வரைக் கேட்பதைத் தடுக்கும் கோர்ஸ் (CORS) கட்டுப்பாடு விடாது.

செய்தி போனது, சர்வரும் பதில் தந்தது. ஆனால் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது வெறும் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லை! கன்சோலில் பிழை எதுவும் இல்லை, அதுதான் எரிச்சல். சர்வீஸ் வொர்க்கரில் செய்தியை வாங்கும் ஆன்மெசேஜ் லிசனர் அசிங்க் ஃபங்ஷனாக இருந்தது. அது திருப்பித் தருவது ப்ராமிஸ், அதாவது பதில் பிறகு வரும் என்ற வாக்கு. ஃபயர்ஃபாக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும். மாமா கடைக் கணினியில் இருந்த க்ரோம் கண்டுகொள்ளவில்லை, பதில் வருமுன்பே வழியை மூடிவிட்டது. சரி என்று லிசனரைச் சாதாரண ஃபங்ஷனாக்கி, சர்வரைக் கேட்கும் வேலையைத் தனி ஃபங்ஷனுக்குத் தள்ளி, பதில் பிறகு வரும், வழியை மூடாதே என்று சொல்ல லிசனரின் கடைசி வரியில் ரிட்டர்ன் ட்ரூ போட்டேன். சென்ட்ரெஸ்பான்ஸ் ஃபங்ஷன் வழியாக அனுப்பிய பதில் ஒழுங்காக வந்தது.

அப்புறம் இன்னொன்று. க்ரோம் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிமுறையான மேனிஃபெஸ்ட் 3-இல் சர்வீஸ் வொர்க்கர் 30 விநாடி சும்மா இருந்தால் நிறுத்தப்பட்டுவிடும். வேரியபிளில் வைத்த லாகின் டோக்கனும் (உள்நுழைந்ததற்கான அடையாளக் குறியீடு) அதோடு போய்விடும். சர்வீஸ் வொர்க்கர் நின்றாலும் அழியாத ஸ்டோரேஜ் செஷன் என்ற சேமிப்பிடத்துக்கு டோக்கனை மாற்றிவிட்டேன்.