பார்க்கின்சன் மாத்திரையும் ஒரு டம்ளர் பாலும்

போன வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நரம்பு டாக்டரிடம் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த மேலூர்ப் பெண் பிளாஸ்க்கில் இருந்து பாலை ஊற்றி, மாமனாரைச் சின்டோபா மாத்திரை விழுங்க வைத்தார். கை கால் நடுங்கி விறைத்துப்போகிற பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரை அது. எனக்குப் பதறிவிட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்ததும் அதேதான். மாத்திரையை மறக்காதீர்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அக்கறையோடு செய்து கெடுப்பதைத்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டோடு கொடுப்பது

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். காலை 8 மணிக்கு அப்பாவுக்குப் பொங்கல், சாம்பார், கடைசியில் பாலோடு மாத்திரை. அதில் இருக்கிற லெவோடோபா என்கிற மருந்து சிறுகுடலில் இருந்து ரத்தத்தில் ஏறி, மூளைக்குள் போய், உடம்பு அசைய உதவுகிற டோபமினாக மாற வேண்டும். பால், பருப்பு, முட்டை, கறி செரித்து வருகிற அமினோ அமிலங்களும் அதே வழியில்தான் போகும். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கூட்டத்துக்குள் கோரிப்பாளையத்தைத் தாண்டுகிற மாதிரிதான் மாத்திரையின் பாடு.

9 மணிக்கு நடமாட வேண்டியவர் 11 மணிக்கும் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். "மருந்துக்குக் கேட்கவில்லை" என்று டாக்டரிடம் சொன்னேன். எதோடு கொடுக்கிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அளவு கூடியது. அப்புறம் அப்பாவின் கழுத்தும் தோளும் நெளிய ஆரம்பித்தன. மருந்து மிஞ்சியதால் வந்த நெளிவு அது. நடுக்கம் என்று நினைத்து இன்னும் கூட்டச் சொன்னேன். மருந்து மிஞ்சி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய, ஒரு ராத்திரி, இறந்துபோன பெரியப்பா வாசலில் நிற்கிறார் என்று கதவைத் திறக்கப் போய் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரோடு கொடுங்கள். ஆரம்பத்தில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். அதற்காகப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள், ஆள் இளைத்துப்போவார். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், கை கால் இளகிய நேரம், மறுபடி விறைத்த நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுங்கள். அளவை மாற்றுவது டாக்டர் வேலை.

வாந்திக்கு ஏதோ ஒரு ஊசி

வாந்திக்குப் போடுகிற மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமினைத் தடுக்கும், விறைப்பு கூடும். தெருமுனைக் கிளினிக் என்றாலும் ஊசிக்கு முன்பே பார்க்கின்சன் என்று சொல்லிவிடுங்கள்.

திடீரென்று நிறுத்துவது

கூடவே கூடாது. கடும் காய்ச்சல், விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகும்.

பூனைக்காலிச் சூரணம்

அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது. டாக்டருக்குச் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

வெட்கப்பட்டு மறைப்பது

பார்க்கின்சனுக்கே தருகிற பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் புதிதாகச் சூதாட்டத்தில் பணம் விட்டாலோ, கண்டதை எல்லாம் வாங்கிக் குவித்தாலோ அது மருந்தின் வேலையாக இருக்கலாம். வீட்டில் சண்டை போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மேலூர்ப் பெண்ணிடம் இத்தனையும் சொல்லத் தோதுப்படவில்லை. பால் விஷயத்தை மட்டும் சொன்னேன். "அப்ப மத்தியான மாத்திரைய எப்பக்கா கொடுக்க?" என்றார். சாப்பாடு ஒன்றரைக்கு என்றார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் '1 மணி, தண்ணீர்' என்று எழுதினோம். அவர்களுடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள். இதை டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.